தக்காளிக்குக் கவ்வாத்து

மங்களம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு குசினியை விட்டு வெளியே வந்தாள். கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நான் கத்தியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவனுடைய முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்திருக்கும் என் முகம். காலடியில் பச்சைப் பச்சையாக ஒரு குவியல். வளவு முழுக்கத் தக்காளி இலையின் மணம். பழத்தின் மணம் வேறு, இலையின் மணம் வேறு. இலையில் ஒரு கசப்பு இருக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கும். முதல் மழை விழுந்த புழுதியும் இருக்கும். மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குவியலைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்ற கட்டையைப் பார்த்தாள். அந்தக் கட்டையில் ஒரேயொரு கொப்பு மட்டும், ஊரெல்லாம் போன பிறகு தனித்து நிற்கிற கிழவனைப் போல நின்றது.

"என்ன செய்தனியள்?"

"கவ்வாத்து வெட்டினனான்."

"தக்காளிக்கோ?"

"பின்ன? நோய் பிடிச்ச செடிக்கு வேற என்ன செய்யிறது?"

கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். வெறும் மண்ணில் குந்தினாள். என்னுடைய முதல் லொறி எரிந்த அன்றைக்குக்கூட அவள் அப்படிக் குந்தியதை நான் காணவில்லை.

"பெரியக்கா வரப்போறா," என்றாள். "நான் அவாவுக்கு இனி என்னத்தில சொதி வைக்கிறது?"

ஒரு தக்காளிச் செடிக்காக ஒரு மனுசி மண்ணில் குந்துவாளா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்காரன்

என் முதல் லொறியின் கதையை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாசித்துவிட்டு, வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தொலைபேசி எடுத்தார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு ஆர் இதை எழுதித் தருகினம்?" என்று கேட்டார்.

ஒருவரும் எழுதித் தரவில்லை வாத்தியார். நான்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரப் பிள்ளைகள் பார்த்துத் திருத்துவார்கள். பெருமை பேசுவது எழுத்துப் பிழை இல்லை என்பதால் அதை அவர்கள் வெட்டுவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அங்கே எங்களுக்கு இருக்க முடியாமல் போன ஒரு காலத்தில், என்னைப் பெற்ற ஐயாவோடு, யாரோ ஒருவருடைய லொறியில் வெங்காய மூட்டைக்கு மேலே இருந்து வன்னிக்கு வந்தவன். பிறகு அதே போல லொறியில் மூட்டை ஏற்றினேன். பிறகு லொறி ஓட்டினேன். பிறகு லொறி வாங்கினேன். சண்டையில் எல்லாம் போய், வெறும் கையோடு திரும்பி வந்து, சீமெந்துக் கல் அரியத் தொடங்கினேன். இன்றைக்குக் கிளிநொச்சியில் நீங்கள் எந்த மதிலில் சாய்ந்து நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும், பெரும்பாலும் என்னுடைய கல்லில்தான் சாய்ந்துகொண்டு நிற்கிறீர்கள்.

என் ஐயா கவ்வாத்துக்காரர். கவ்வாத்து என்றால் இங்கே பல பேருக்கு விளங்காது. தேயிலை மரத்தைச் சில வருசத்துக்கு ஒருமுறை இடுப்பளவில், சில இடத்தில் முழங்காலளவில், தட்டையாக வெட்டிவிடுவார்கள். பார்த்தால் மலை முழுக்க எலும்பு நடப்பட்ட மாதிரி இருக்கும். புதிதாகப் பார்க்கிறவன் தோட்டம் செத்துப் போச்சு என்று அழுவான். ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் கட்டையெல்லாம் இளஞ்சிவப்பாய்க் குருத்து விடும். கிழட்டு மரம் குமரி ஆகும்.

ஐயா ஒரே வீச்சில் வெட்டுவார். வெட்டு வாய் கண்ணாடி போல இருக்கும், மழைத் தண்ணீர் நிற்காமல் சரிந்து ஓடும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரு கொப்பை மட்டும் விடுவார். "அது மரம் மூச்சு விடுறதுக்குடா," என்பார்.

அந்தக் கத்தி மலையிலேயே போய்விட்டது. ஆனால் அதே வளைவில் ஒரு கத்தியை, எரிந்த என் லொறியின் வில்லுத் தகட்டில் கொல்லரைக் கொண்டு அடிப்பித்து வைத்திருக்கிறேன். வன்னி மாவட்டங்கள் மூன்றிலும் தேடிப் பாருங்கள், இப்படி ஒரு கத்தி வேறு ஒருவரிடமும் இருக்காது. இருந்தாலும் பிடிக்கத் தெரியாது.

படலையில் நின்ற செம்பு

மங்களத்தின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றக் காணியில் நெல் விதைத்தவர்கள். நான் அவர்களுடைய நெல்லை ஏற்றப் போனவன். நெல்லும் ஏறியது, நெஞ்சில் மங்களமும் ஏறினாள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டிய கதை. மங்களம் விட மாட்டாள்.

அவளுடைய ஆட்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. "தோட்டக்காட்டான்" என்றார்கள். அந்தச் சொல்லை முகத்துக்கு நேரே கேட்டவர்களுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். மற்றவர்களுக்கு நான் விளங்கப்படுத்தப் போவதில்லை.

எல்லாரையும் விடக் கடுமையாக நின்றவர் மங்களத்தின் மூத்த சகோதரி, எல்லாரும் பெரியக்கா என்று சொல்கிற மனுசி. கலியாணத்துக்கு வரவில்லை. வெளிநாட்டுக்குப் பயணமாவதற்கு முதல் ஒரு நாள் மட்டும் தங்கையைப் பார்க்க எங்கள் கொட்டிலுக்கு வந்தார். வேலிப் படலைக்கு உள்ளே வரவில்லை. பங்குனி வெயில். தார் உருகுகிற வெயில். நான் கிணற்றில் அள்ளி, செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

"தாகமில்லை," என்றார். என்னிடம் சொல்லவில்லை. தங்கையைப் பார்த்துச் சொன்னார். உதடு வெடித்திருந்தது.

செம்பைப் படலைக் கட்டையில் வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன். அவர் போன பிறகும் செம்பு அங்கேயே நிறைந்தபடி இருந்தது. ஒரு காகம் வந்து குடித்தது.

எனக்குச் சீதனமும் வரவில்லை. வந்தது ஒன்றுதான். மங்களத்தின் தாய் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு துணியில் முடிந்து மகள் கையில் வைத்த தக்காளி விதை. யாழ்ப்பாணத்து வளவிலிருந்து அந்த மனுசி கொண்டு வந்த இனம். சின்னப் பூசணிக்காயைப் போல வரி வரியாய் இருக்கும். சந்தைத் தக்காளியைப் போல வழுவழுப்பு இல்லை, நல்ல புளிப்பு. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தால் வீட்டுக்கு நாலாவது வளவுக்குத் தெரியும், இங்கே இன்றைக்கு என்ன சமையல் என்று.

சீதனம் வாங்காதவன் என்று என்னைச் சொல்லாதீர்கள். என்னைப் போல் வாங்கியவன் இல்லை.

தானாய் நின்றது

இடம்பெயர்ந்தோம். ஒரு இடம் இல்லை, பல இடம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதினவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். அங்கே மங்களம் நகையைத் துலைத்ததைச் சொல்லி அழவில்லை. விதைத் துணியைத் துலைத்ததைச் சொல்லித்தான் அழுதாள்.

திரும்பி எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு இல்லை. ஆளை மூடுகிற புல். நான் கிணற்றை எட்டிப் பார்க்கப் போனேன். பின்னால் வந்த மங்களம் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

குளிக்கிற தண்ணீர் ஓடி வடிகிற இடத்தில், புல்லுக்கு நடுவே, ஒரு தக்காளி நின்றது. ஒருவரும் நடவில்லை. ஒருவரும் தண்ணீர் விடவில்லை. எப்போதோ விழுந்து அழுகிய பழத்தின் விதை முளைத்து, காய்த்து, விழுந்து, திரும்ப முளைத்து, நாங்கள் இல்லாத காலமெல்லாம் அந்த வளவில் குடியிருந்திருக்கிறது. அதில் வரி வரியாய்ச் சிவப்பாக ஒரு பழம்.

மங்களம் அதைப் பிடுங்கவில்லை. தொட்டுக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். கூரை இல்லாத வீட்டைப் பார்த்து வராத அழுகை அந்தப் பழத்தைப் பார்த்து வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் அவள் விதை எடுக்கிறாள், சாம்பலில் புரட்டுகிறாள், காய வைக்கிறாள். நான் கல் அரிந்தேன், வீடு எழுப்பினேன், லொறி வாங்கினேன். அவள் தக்காளி நட்டாள்.

தண்டில் கொப்பளிப்பான்

இவ்வளவும் சொன்னால்தான் இந்த வருசத்துக் கதை விளங்கும்.

பெரியக்காவின் கணவர் வெளிநாட்டில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் தங்கள் பாட்டில். மனுசிக்கு ஊருக்கு ஒருக்கா வந்துபோக ஆசை வந்துவிட்டது. போனில் முகம் தெரியத் தங்கையோடு கதைப்பார். நான் குறுக்கே போனால், "உவர் சுகமோ?" என்று மங்களத்திடம் கேட்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

"மங்களம், அம்மாட தக்காளி உன்னட்ட இருக்கோ?"

"இருக்கக்கா. நீங்கள் வாற நேரம் பழுத்திருக்கும். சொதி வைச்சுத் தாறன்."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா இந்த வீட்டில கை நனைக்க வேணும். அம்மாட தக்காளிச் சொதிக்கு முன்னால அவாவால வீம்பா இருக்கேலாது."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அக்கா தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஒரு ஆயுளின் ஆசை அது.

மாரி மழை பொல்லாத மழை. நாற்றெல்லாம் அழுகியது. மிச்ச விதையை எறும்பு கொண்டுபோனது. திரும்ப முளைத்ததைக் குரங்கு பிடுங்கி எறிந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கன்று. மங்களம் அதற்கு வலை கட்டினாள், காவல் இருந்தாள், பயத்தில் தண்ணீர் ஊற்றினாள், இன்னும் பயந்து இன்னும் ஊற்றினாள். செடி காடாய் வளர்ந்தது. இலைதான், பூ குறைவு.

மாசிப் பனியில் ஒருநாள் பார்க்கிறேன், தண்டு முழுக்கச் சின்னச் சின்னக் கொப்பளம். வெள்ளையாய், தினைத் தினையாய், தோலுக்குக் கீழே.

பக்கத்து வளவுச் சின்னராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் பகிடி.

"அண்ணை, உது கொப்பளிப்பான். செடிக்கும் அம்மாள் வந்திட்டா. வேப்பிலை கட்டுங்கோ."

நான் சிரிக்கவில்லை. நாளுக்கு நாள் கொப்பளம் மேலே ஏறியது. மங்களம் இன்னும் காணவில்லை. அவளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் தேடினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தக்காளிச் செடியின் கொப்பை வெட்டி வெட்டி எறிகிறான், அவனுடைய செடியில் பழம் குலை குலையாய்த் தொங்குகிறது. என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. வெட்டுகிறான் என்பது விளங்கியது.

அடே, வெட்டுவது என்றால் எங்களுக்கு இவன் சொல்லித் தர வேண்டுமா? நோய் பிடித்த தேயிலையை ஐயா கவ்வாத்து வெட்டித்தானே எழுப்புவார்? விடிந்ததும் கத்தியை எடுத்தேன். ஒரே வீச்சு. வெட்டு வாய் கண்ணாடி. மூச்சு விட ஒரு கொப்பையும் விட்டேன். ஐயா பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

மங்களம் தட்டிக் கொடுக்கவில்லை.

வாளிக்குள்

அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தாள், போனாள். சின்னராசா வந்தான்.

"என்னண்ணை, செடிக்கு மொட்டை போட்டிருக்கிறியள்? எந்தக் கோயில் நேர்த்தி?"

"போடா உன்ர வேலையைப் பார்த்துக்கொண்டு."

"இல்லை, கேக்கிறன். லொறி பழுதானாலும் உப்பிடித்தான் டயரைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுறனியளோ?"

குசினிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

வெட்டியதைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. பெரிய நுனிகளை மட்டும் பொறுக்கி, கிணற்றடி வாளித் தண்ணீரில், முருங்கை நிழலில் போட்டுவைத்தாள். சாகிறதாவது நனைந்து சாகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. முதல் நாள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. செத்த வீடு மாதிரி இருந்தது கிணற்றடி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் குளித்தேன்.

பிறகு ஒருநாள் காலை முகம் கழுவக் குனிந்தவன், வாளிக்குள் இருந்த தலைகள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டேன்.

ஒன்றைத் தூக்கினேன். தண்ணீர் சொட்டியது. தண்ணீரோடு வேறு ஏதோவும் தொங்கியது. கண்ணாடியைப் போட்டேன். வெயிலுக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் கொப்பளம் ஒவ்வொன்றும் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு வெள்ளை நூல். பால் வெள்ளை. காற்றுப் பட்டால் நடுங்குகிற அளவுக்கு மெல்லிசு. தண்டைச் சுற்றி, மேலேயும் கீழேயும், நூல், நூல், நூல்.

வேர்.

நான் நோய் என்று நினைத்து வெட்டியது வேர். மண்ணைக் காண்பதற்கு முதலே, வெட்டுகிறவன் ஒருவன் வருவான் என்று தெரியாமலே, எங்கே விழுந்தாலும் அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று, உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் வேரை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது அந்தச் செடி.

கொழும்பில் மேகத்தில் முட்டுகிற கட்டடங்களுக்குக் கீழே நின்று, "என்ர கல்லில கட்டியிருந்தா இன்னும் உறுதி" என்று சொன்னவன் நான். கப்பல் பார்த்திருக்கிறேன். பாலம் பார்த்திருக்கிறேன். எதைக் கண்டும் நான் வாய் பிளந்து நின்றது கிடையாது. அன்றைக்கு ஒரு வாளிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன்.

ஐயா நினைவுக்கு வந்தார். லொறியிலிருந்து வன்னி மண்ணில் இறங்கிய அன்று, மூட்டையை வைப்பதற்கு முதல் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலால் தேய்த்து, மணந்து பார்த்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

"மங்களம்! ஏய், மங்களம்! இங்க வந்து பாரு புள்ள, என்னானு பாரு!"

பதறினால் எனக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். பாம்புதான் கடித்துவிட்டது என்று அவள் அகப்பையோடு ஓடி வந்தாள். நான் தண்டை நீட்டினேன். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு விரல் நுனியால் அந்த நூலைத் தொட்டாள். கூரையில்லாத வீட்டில் அந்தப் பழத்தைத் தொட்டாளே, அதே விரல், அதே தொடுகை.

"இவ்வளவும் இதுக்குள்ளயோ இருந்தது?" என்றாள். என்னோடு கதைத்துவிட்டாள்.

கிள்ளிப் பழகினேன்

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் நட்டோம். ஒன்று இருந்த இடத்தில் ஒரு வரிசை. கட்டையும் சாகவில்லை. ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. மூச்சுக் கொப்பு அதை இழுத்துப் பிடித்திருந்தது. இலை இருந்த ஒவ்வொரு கணுவிலும் குருத்து வெடித்தது.

ஆனால் இது தேயிலை இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்டேன். நான் ஒப்புக்கொள்வது அபூர்வம், மங்களத்தைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. செடிக்கு முன்னால் பலகைக் கட்டையைப் போட்டு இருந்து, பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்துக்குள், ஒரு குருத்து வரும். நல்ல பிள்ளை மாதிரி வரும். விட்டால் அது ஒரு மரமாகி, பூவுக்குப் போக வேண்டிய சத்தைத் தான் குடித்துவிடும். அது சுண்டுவிரல் நீளம் ஆகுமுன் கிள்ளிவிட வேண்டும். காலையில், செடி தண்ணீர் குடித்து விறைத்து நிற்கிற நேரம் கிள்ளினால் 'டிக்' என்று ஒடியும். மத்தியானம் கிள்ளினால் தோலோடு உரியும், புண்ணாகும். மண்ணில் முட்டுகிற கீழ் இலையை எடுத்துவிட வேண்டும். கம்பு நட்டு, பழைய சேலைக் கிழிசலால், தொட்டும் தொடாமலும் கட்ட வேண்டும்.

கிள்ளிய குருத்தையும் நான் எறியவில்லை. ஈர மணலில் குத்தினேன். அதுவும் பிடித்தது! கிள்ளக் கிள்ளக் கன்று. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று மங்களம் சொன்னாள். விடியமுன் எழும்பி டோர்ச் அடித்து வேர் பார்க்கிறவனை வேறு என்ன சொல்வது?

விரல் எல்லாம் முதலில் மஞ்சள், பிறகு பச்சை, பிறகு கறுப்பு. சவர்க்காரம் போட்டால் நுரையும் பச்சையாய் ஓடும். மணம் மட்டும் போகாது. சோற்றிலும் மணக்கும், தலையணையிலும் மணக்கும்.

சின்னராசா வேலியால் எட்டிப் பார்த்தான். இந்த முறை குரல் பவ்வியமாய் இருந்தது.

"அண்ணை, எனக்கும் ரெண்டு கண்டு தாங்கோவன்."

"எந்தக் கோயில் நேர்த்திக்கு?" என்று கேட்டேன். குசினிக்குள்ளிருந்து மங்களத்தின் சிரிப்பு வந்தது. கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு சேர்த்துக் கொடுத்தேன்.

கழுவாத கை

பங்குனி முடிகிற நேரம் பெரியக்கா வந்தார். வாடகை வான் படலையடியில் வந்து நின்றது, அதிலிருந்து மெல்ல இறங்கினார். நான் நினைத்து வைத்திருந்த மனுசி இல்லை. சின்னதாய், நரைத்து, பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார். பொல்லுக்குப் பின்னால் போத்தல் தண்ணீர்ப் பெட்டிகள் இறங்கின.

"வயிறு பழகேல்லை, இந்தத் தண்ணி எனக்கு ஒத்துவராது," என்றார் தங்கையிடம்.

இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மங்களம் என்னைப் பார்த்தாள், நான் மங்களத்தைப் பார்த்தேன். அன்றிரவு பெரியக்கா தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டார். "பயணக் களை, சாப்பாடு இறங்காது." மங்களம் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

தக்காளி எல்லாம் காய்த்திருந்தது. வரிசை வரிசையாய், வரி வரியாய். ஆனால் ஒன்றும் பழுக்கவில்லை. எல்லாம் பச்சை. கவ்வாத்து வெட்டினால் மரம் பிந்தித்தான் தரும். இது ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பயணச்சீட்டுக்குத் தெரியாது.

காலையில் நான் வழக்கம்போலப் பலகைக் கட்டையில் இருந்தபடி கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் பொல்லுச் சத்தம் கேட்டது. பெரியக்கா செருப்பில்லாமல், பாத்தி ஓரமாய் வந்து நின்றார்.

"உது அம்மாட தக்காளியோ?"

திரும்பிப் பார்த்தேன். மங்களம் பக்கத்தில் இல்லை. கேள்வி எனக்குத்தான்.

"ஓம் அக்கா. அந்த இனம்தான். இன்னும் பழுக்கேல்லை. ஒரு கண்டுதான் மிஞ்சினது. நான்தான் கவ்வாத்து வெட்டி இவ்வளவாக்கினனான். வெட்டேக்க எல்லாரும் சிரிச்சவை. ஆனா பாருங்கோ, தண்டுக்குள்ளயே வேர் இருக்குதக்கா, நீங்கள் நம்பமாட்டியள்..."

நான் பேசிக்கொண்டே போனேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மூக்கைத் தூக்கி, எங்கேயோ ஒரு சத்தம் கேட்பதைப் போல நின்றார். கிள்ளிய குருத்து ஒன்றை அவர் பார்க்கட்டும் என்று நீட்டினேன்.

அவர் குருத்தை வாங்கவில்லை. பொல்லைக் கம்பில் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். கறுத்து, பச்சை ஊறி, கல் அரிந்து காய்த்துப் போன கை. அதைத் தூக்கித் தன் முகத்தில் வைத்து மணந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா தோட்டத்தால வந்து எனக்குத் தலை வாரி இழுத்துவிடுவா," என்றார். "அப்ப அவான்ர கை இப்பிடித்தான் மணக்கும்."

கையை விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குசினி வாசலில் மங்களம் வந்து, அசையாமல் நிற்பது தெரிந்தது.

கடைசியில் பெரியக்கா கண்ணைத் துடைத்தார்.

"தம்பி, தாகமாக் கிடக்கு. குடிக்கத் தண்ணி தாருங்கோ."

தம்பி என்றார். நான் எழும்பினேன். அவர் கொண்டு வந்த போத்தலை எடுக்க வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"உது வேண்டாம். கிணத்துத் தண்ணி."

சரி என்று கிணற்றடிக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடினேன். முதலில் கையைக் கழுவுவோம் என்று வாளிக்குள் கையை விடப் போனேன்.

"கழுவாதேங்கோ," என்றார் பின்னாலிருந்து. "அந்தக் கையாலயே தாருங்கோ."

அள்ளினேன். செம்பில் என் விரல் பட்ட இடமெல்லாம் பச்சை அடையாளம் விழுந்தது. நீட்டினேன். வாங்கினார்.

அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவில்லை. செம்பில் வாய் வைத்துக் குடித்தார்.